முனையில் மினுங்கிய வெயில்

அமல்ராணி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் திருவாமாத்தூர்ச் சிவன் கோயில் வாசலில் பூக்கடை போட்டிருக்கும் பூமாலையிடம் மாதம் ஒரு பொட்டலம் கட்டிச் சூடம் வாங்குவாள். பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்களில் பூ வாங்குகிறவர்கள் உண்டு, தேங்காய் வாங்குகிறவர்கள் உண்டு. கழுத்தில் சிலுவையோடு வந்து சூடம் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவள் இவள் ஒருத்திதான். ஒருநாள் பூமாலை கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, உங்க கோயில்ல மெழுகுவத்திதானே ஏத்துவீங்க? இத எடுத்துக்கினு போயி இன்னா பண்றீங்க?"

"துப்பாக்கிக்குக் காட்டுவேன்க்கா."

பூமாலை அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அமல்ராணி சொன்னது உண்மை.

ரைஃபிள் குழலின் நுனியில் அரை விரற்கடை உயரத்துக்கு ஓர் இரும்பு முள் நிற்கும். ஃபோர்சைட் என்பார்கள். கண்ணுக்குப் பக்கத்தில், பின்னால், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஓட்டை வழியாக முள்ளைப் பார்த்து, முள்ளின் தலைமேல் இலக்கின் கறுப்பு வட்டத்தை உட்கார வைத்து விசையை அழுத்த வேண்டும். கேட்பதற்குச் சுலபம். வெயில் வந்தால்தான் வினை. இடப்பக்கமிருந்து வெயில் அடித்தால் முள்ளின் இடது ஓரம் மினுங்கும். கண் அந்த மினுக்கத்தையே முள் என்று நம்பி அதை நடுவில் வைத்துக்கொள்ளும். குண்டு வலப்பக்கம் ஒதுங்கிவிடும். எத்தனை உறுதியான கையாக இருந்தாலும் ஏமாந்த கண்ணுக்கு அது ஈடாகாது.

அதனால் முள்ளைக் கறுப்பாக்க வேண்டும். மற்றவர்கள் மெழுகுவத்திப் புகை காட்டுவார்கள், சிலர் மார்க்கர் பேனாவால் தீட்டுவார்கள். அமல்ராணி எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுச் சூடத்துக்கு வந்தவள். மெழுகின் கரி வழவழப்பாகப் படிந்து அதுவே பளபளக்கும். பேனா மை காய்ந்ததும் ஊதா நிறமாக மின்னும். சூடப்புகைதான் கண்மை போல, ஒளியை அப்படியே விழுங்கிக்கொண்டு, செத்த கறுப்பாகப் படியும். முதலில் முள்ளில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைப்பாள். பிறகு டப்பா மூடியில் சூடத்தைக் கொளுத்தி, சுடரில் படாமல், அதன் தலைக்கு மேல் புகை சுருளும் இடத்தில் இரண்டு மூச்சு நேரம் முள்ளைப் பிடிப்பாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுட்டு முடிக்கும்வரை அதை யாரும் விரலால் தொடக் கூடாது. தொட்டால் கொன்றுவிடுவாள்.

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பெரியநாயகம் என்கிற மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயிக்கு மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். இருபத்தோரு வயதில் போலீஸ் தேர்வு எழுதித் தேறி ஆயுதப்படைக்கு வந்தாள். பயிற்சியில் முதல்முறை துப்பாக்கி கையில் கொடுத்த அன்று, பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள். அமல்ராணி ஐந்து தோட்டா சுட்டாள். நான்கு வட்டத்துக்குள் இருந்தன. பயிற்சியாளர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஊர்ல காட்டுப்பன்னி சுடுவியா?" என்றார். "இல்ல ஐயா, மல்லாட்டைக் கொல்லையில காக்கா ஓட்டுவேன்" என்றாள்.

அப்படித்தான் அவள் படையின் துப்பாக்கிச் சுடும் அணிக்குள் வந்தாள். மாநிலப் போலீஸ் போட்டியில் முதலில் ஒரு வெண்கலம், மூன்று வருஷம் கழித்து ஒரு வெள்ளி. வெள்ளி வாங்கிய வாரம் ஊர்ச் சாமியார் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் அவள் பேரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அதிகம் பேசாத பெரியநாயகம் அன்று ஒரு மூட்டை மல்லாட்டையை அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. அன்று அப்பா படி படியாக அளந்து கொடுத்ததை அமல்ராணி இன்றும் சொல்லுவாள்.

கணவன் ஆனந்தராஜ் கட்டட மேஸ்திரி. வானூர்ப் பக்கம் வேலை. விடிந்ததும் விழுப்புரத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். மெர்லின் என்று ஒரே பெண், ஒன்பதாவது படிக்கிறாள். இந்த மூவருக்கும் நடுவில் நான்காவது ஆளாக அந்தப் போட்டி இருந்தது. மாதாவுக்குப் படையல் மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை அதற்காக வீடே அடங்கி நடக்கும்.

கண் அரிப்பு வந்தது ஒரு சாலை மறியல் பந்தோபஸ்தில். நாள் முழுக்க நெடுஞ்சாலைப் புழுதியில் நின்றாள். மறுநாள் இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீராய்க் கொட்டியது. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டாள். ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். காலையில் விட்டால் மதியத்துக்குள் அரிப்பும் சிவப்பும் பறந்துவிட்டன. அவளுக்கு அது அதிசயமாக இருந்தது. விட்டுவிட்டால் பத்து நாளில் திரும்ப அரிக்கும். திரும்ப வாங்குவாள். ஒரு கட்டத்தில் அரிக்கும்வரை காத்திராமலே காலையில் பல் தேய்ப்பதைப்போல விட்டுக்கொள்ளத் தொடங்கினாள். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. சிவக்காத கண்ணை யார் டாக்டரிடம் கொண்டுபோவார்கள்?

முள்ளில் மினுக்கம் தெரியத் தொடங்கியது மூன்றாவது வருஷம். காலைப் பயிற்சியில் வெயில் ஏறியதும் ஃபோர்சைட்டின் தலை பாலாய்க் கசிந்ததுபோல வெளுத்துத் தெரிந்தது. எழுந்து வந்து துடைத்துவிட்டு மறுபடி சூடம் காட்டினாள். மறுபடி படுத்துப் பார்த்தாள். அதே வெளுப்பு. தொப்பியை இறக்கிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் மை பூசினாள். ஓட்டையைச் சுற்றியும் புகை காட்டினாள். நிழலில் படுத்தால் சரியாக இருந்தது. வெயில் வந்தால் போயிற்று.

அந்தச் சமயம் அவளுடைய ரைஃபிளில் பழைய முள் தேய்ந்திருந்ததால் ஆயுதக் கிடங்கில் வேறு முள் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் சீனுவாசன். படையின் ஆர்மரர், ஏட்டு. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டுவதைத் தவிர வேறு எதிலும் தலையிடாத மனிதர். ஒவ்வொரு ரைஃபிளையும் அதன் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "எழுபத்தி நாலுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்பார்.

"சீனு அண்ணா, புது முள்ளு மின்னுதுணா. கறுப்பு சரியாப் புடிக்கல" என்று அமல்ராணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மின்னலியேம்மா. கரிச் சட்டி மாதிரி கெடக்கு" என்றார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முள்ளைக் கழற்றி மறுபடி கறுப்பேற்றிக் கொடுத்தார். பதினைந்து நாளில் மூன்று முறை அப்படி நடந்தது.

மண்டலப் போட்டி பிப்ரவரியில். அன்று மேகமே இல்லாத வானம். அமல்ராணி படுத்தாள். ஓட்டை வழியாக அவளுக்குத் தெரிந்தது முள் இல்லை; வெள்ளையாய் எரியும் ஒரு பஞ்சு. அதற்குள் எங்கோ முள் இருந்தது. மூச்சை நிறுத்தி, மனக்கணக்கில் சுட்டாள். பத்துத் தோட்டாவில் ஒன்று தாளிலேயே படவில்லை. அணியில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்த பானுப்ரியா, பத்து வயது இளையவள், அவளைவிட முப்பது புள்ளி கூடுதலாக எடுத்திருந்தாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நேராக சீனுவாசனிடம் வந்தாள். சுற்றிலும் நான்கு மாவட்டத்து ஆட்கள் நின்றார்கள்.

"பாருணா. நல்லாப் பாரு. உன் முள்ளு பண்ண வேலைய."

சீனுவாசன் தாளை வாங்கினார். "அமலு, மினுக்கத்தால போச்சுன்னா குண்டு ஒரே பக்கமா ஒதுங்கும். உனுக்கே தெரியும். இது நாலா பக்கமும் போயிருக்குதேம்மா."

"அப்ப எனக்குச் சுடத் தெரியலன்றியா?"

"அப்டிச் சொல்லல…"

"பதினஞ்சு வருசமா சுடறேன். ஓசிச் சோறு துன்னுக்கினு கெடங்குல குந்திக்கினு இருக்கற ஆளு எனக்குச் சொல்லிக் குடுக்கறியா?"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு சுட்டது. ஆனால் அப்போது நிறுத்தும் நிலையில் அவள் இல்லை. சீனுவாசன் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. பானுப்ரியா அவள் தோளைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மறுநாள் அமல்ராணி எழுதிக் கொடுத்தாள். ஆர்மரர் பொருத்திய முள் சரியாகக் கறுப்பேற்றப்படாததால் பிரதிபலிப்பு ஏற்பட்டு அணி தோற்றது, பலமுறை சொல்லியும் சரிசெய்யப்படவில்லை என்று ஒரு பக்கம். வெள்ளிப் பதக்கம் வாங்கியவள் எழுதிய தாள் என்பதால் மேலே யாரும் முள்ளைக் கழற்றிப் பார்க்கவில்லை. பத்து நாளில் சீனுவாசனுக்கு மெமோ வந்தது. கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கருவூலக் காவலுக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று பானுப்ரியா வந்து சொன்னாள்.

"ரைஃபிள் ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்துட்டுப் போனாருக்கா."

"போகட்டும்" என்றாள் அமல்ராணி.

கிடங்குக்குப் புதிதாக வந்தவர் வேறொரு முள் போட்டுக் கொடுத்தார். அதுவும் மின்னியது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முன்பு எழுதிக் கொடுத்தது என்னவாகும்? பயிற்சிக்குப் போவதைக் குறைத்தாள். இடுப்பு வலி என்றாள், மெர்லினுக்குப் பரீட்சை என்றாள். வீட்டில் மாத்திரம் அவ்வப்போது கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல் நுனியை வெயிலில் பார்த்துக்கொண்டு நிற்பாள். விரல் ஓரமும் வெளுத்துக் கசிந்தது.

எட்டு மாதம் கழித்து, ஐப்பசியில், திருவாமாத்தூரில் காவல் முடிந்து ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். காலை பதினொரு மணி. மழை பெய்து ஓய்ந்து ரோடு பளபளவென்று கிடந்தது. வலப்பக்கம் வரப்பிலிருந்து புல்லுக்கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அஞ்சம்மாள் என்கிற அறுபது வயதுக்காரி ரோட்டைக் கடந்தாள். அமல்ராணிக்கு அவள் தெரியவே இல்லை. இடித்த சத்தம்தான் முதலில் கேட்டது. விழுந்து எழுந்து பார்த்தபோது ரோடெல்லாம் புல், நடுவில் அந்த அம்மாள் முழங்கையில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"பட்டப்பகல்ல இம்மாம் பெரிய புல்லுக்கட்டு தெரியலியாடி பாவி! ரெண்டு தபா கத்தனேனே!"

அமல்ராணி அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எலும்பு முறியவில்லை. முழங்கையில் நான்கு தையல். அதைப் போட்ட இளம் டாக்டர் பெண்ணிடம் அஞ்சம்மாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கண்ணு தெரியாதவளுக்கு எல்லாம் வண்டி குடுத்துர்றானுங்க டாக்டரம்மா. பக்கத்துல வந்து நின்னாக்கூட திரும்பிப் பாக்கல இவ."

டாக்டர் அமல்ராணியைப் பார்த்தாள். தலையை அசைக்காமல் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு விரலை வலப்பக்கத்திலிருந்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தாள். "தெரியும்போது சொல்லுங்க." அமல்ராணி சொன்னபோது விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்திருந்தது.

"கண்ணுக்கு ஏதாச்சும் மருந்து போடறீங்களா?"

அமல்ராணி கைப்பையிலிருந்து அந்தச் சின்னப் புட்டியை எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதன் லேபிளைப் படித்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும், புட்டியைத் திருப்பித் தரவில்லை. "நாளைக்கே பாண்டிச்சேரி போயிடுங்க. கண் ஆஸ்பத்திரி. நாளைக்கேன்னா நாளைக்கே."

ஆனந்தராஜ் வேலைக்குப் போகாமல் கூட வந்தான். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்கு முன் உட்காரவைத்து, இடது கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே அங்கங்கே சின்ன ஒளிப்புள்ளிகள் வரும், ஒவ்வொன்றைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றாள் சோதனை செய்த பெண். அமல்ராணிக்கு இது பழக்கப்பட்ட வேலை. ஆள்காட்டி விரலைப் பொத்தான்மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கடைசியில் கேட்டாள்.

அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். "ஆரம்பிச்சு மூணு நிமிஷம் ஆச்சு மேடம்."

அமல்ராணியின் விரல் பொத்தான்மேலேயே இருந்தது.

பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பை அமுக்கும், ஆனால் வருஷக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது, சிவக்காது. கூடவே புரையும் வளர்ந்திருக்கிறது. "வெயில்ல கண்ணு கூசுமே, பொருள் எல்லாம் வெளுத்துத் தெரியுமே? அது புரை. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். நரம்பு போனது போனதுதான். வலது கண்ணுல முக்கால்வாசி போயிடுச்சு. இடது கண்ணுல மூக்குப் பக்கம் மட்டும் போயிருக்கு, மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்."

"இரும்பு மின்னற மாதிரி தெரியுமா சார்?" என்று கேட்டாள் அமல்ராணி.

"எது வேணாலும் மின்னற மாதிரி தெரியும்மா. மின்னறது உங்க கண்ணுக்குள்ள."

"முன்னாடியே வந்திருந்தா?"

"ஆறு மாசம், எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நெறைய மிச்சம் இருந்திருக்கும்."

ஆனந்தராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தான். பஸ் விழுப்புரம் ரோட்டில் திரும்பும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சீனு அண்ணன் முள்ளு நல்ல முள்ளுங்க" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. சொல்லச் சொல்ல அழுதாள். பதக்கம் போனதற்கோ கண் போனதற்கோ அதுவரை அவள் அழவில்லை.

மறுநாள் அவள் இரண்டாவது தாளை எழுதினாள். முன்பு கொடுத்த புகார் தவறு, குறை தன் கண்ணில்தான் இருந்தது, சீனுவாசன் ஏட்டு மேல் எந்தப் பிழையும் இல்லை என்று. எழுதும்போது பானுப்ரியா பக்கத்தில் இருந்தாள். "அக்கா, இத குடுத்தா உன்னைத் துப்பாக்கிய தொட உடமாட்டாங்க. வேற மாதிரி எழுதலாமே. அந்தாளு மேல தப்பு இல்லன்னு மட்டும் எழுது, கண்ண பத்தி எழுதாத" என்றாள். அமல்ராணி கண்ணைப் பற்றித்தான் முதல் வரியே எழுதினாள்.

தாளைக் கொடுத்துவிட்டுக் கருவூலத்துக்குப் போனாள். மதிய வேளை. சீனுவாசன் வாசல் காவல் முறை முடிந்து பின்பக்கம் வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். புட்டியை, பொத்தானை, டாக்டர் சொன்னதை. கடைசியில், "நான் பேசுனது தப்புணா. எழுதுனது அதவிட தப்பு. மன்னிச்சிடுணா" என்றாள்.

சீனுவாசன் டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"இன்னாணா தெரியும்?"

"முள்ளுல மினுக்கம் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும். தாள்ல குண்டு நாலு பக்கமும் போனதப் பாத்ததும் கண்ணுதான்னு தெரிஞ்சுப் போச்சு. நீ தெனம் பயிற்சிக்கு முன்னாடி அந்த மருந்த உட்டுக்கறதையும் பாத்துக்கினுதான் இருந்தேன். எங்க பெரியப்பா இப்டித்தான், வெளக்கெல்லாம் எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே குருடாப் போனாரு." அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "கண்ண காட்டுமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு மாவட்டத்து ஆளுங்க முன்னாடி ஓசிச் சோறுன்னியே. மெமோ வேற வந்துச்சா. போவட்டும், நமக்கு இன்னா, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு உட்டுட்டேன்."

அமல்ராணி அவரையே பார்த்தாள்.

"எட்டு மாசம்" என்றாள்.

"ஆமா. எட்டு மாசம். இத்தினி போவும்னு நெனைக்கலம்மா. கண்ணாடி போட்டா சரியாப் பூடும்னு நெனச்சேன்."

வரும் வழியெல்லாம், அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் தயாராகி வந்திருந்தாள். மன்னித்தால் காலில் விழலாம் என்றும் நினைத்திருந்தாள். இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அந்தப் போட்டி நாளும் தன் வாயும் நினைவுக்கு வந்து கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. உள்ளே யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போனார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் எழுதிய தாள் கோப்பில் சேர்ந்தது. மெமோவை ரத்து செய்யலாம், ஆனால் கிடங்கில் வேறு ஆள் நிரந்தரமாகிவிட்டார், ஏட்டுக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தானே என்று சொன்னார்கள். சீனுவாசன் கருவூல வாசலிலிருந்தே ஓய்வு பெற்றார். அமல்ராணியை ஆயுதப் பணியிலிருந்து விலக்கி அலுவலகத் தொலைபேசியில் உட்காரவைத்தார்கள்.

தை மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று மெர்லின் அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தி, "இப்ப கூசுதாம்மா?" என்று கேட்டாள். கூசவில்லை. எதிர்மாடிக் கொடிக்கயிறுகூடக் கத்தரித்து வைத்ததுபோலத் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் கயிற்றில் ஒரு துணியைப் பார்த்தால் பக்கத்துத் துணி இல்லை. அமல்ராணி பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் ஜடையைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. "நல்லா தெரியுதுடி" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தினம் இரண்டு வேளை வேறொரு சொட்டு மருந்து, கண்ணழுத்தத்துக்கு. இருப்பதைக் காக்க; போனதைக் கொண்டுவர அல்ல. ஸ்கூட்டியை மைத்துனன் வாங்கிக்கொண்டு போனான். பானுப்ரியாதான் இப்போது அணியில் முதல் ஆள். போட்டிக்குப் போனால் அலுவலக எண்ணுக்கே போன் செய்து புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அமல்ராணி கேட்டுக்கொள்வாள். எந்தப் பக்கம் வெயில் என்று கேட்பாள். சில நாள் அதைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், வேறு லைன் வருகிறது என்று வைத்துவிடுவாள்.

சீனுவாசனை அதற்குப் பிறகு அவள் ஒரே ஒருமுறைதான் பார்த்தாள். சித்திரையில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஏதோ குரல் கேட்டதுபோல இருந்தது, கூட்டத்தில் அது யாருக்கோ என்று நின்றாள். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் ஓர் ஆள் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. போலீஸ் முடி இல்லாததால் அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

"அந்தப் பக்கம் நின்னுக்கினு ரெண்டு வாட்டி கூப்ட்டேன்" என்றார். "கோவத்துல திரும்ப மாட்டேன்றியோன்னு நெனச்சேன். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு."

"தெரியலணா. அந்தப் பக்கம் எனக்கு இல்ல."

"ம்."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மெர்லின் பத்தாவதா என்று கேட்டார். அவள் அவர் வீட்டைப் பற்றிக் கேட்டாள். பஸ் வந்தது. கூட்டம் முட்டி மோதி ஏறியது. அவர் ஏறவில்லை, வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர். ஆனாலும் அவள் படியில் கால் வைக்கும்வரை வலப்பக்கமாக ஒட்டி நின்று, இடித்துக்கொண்டு வந்தவர்களைக் கையால் தள்ளிப் பிடித்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவரைத் தேடினாள். பஸ் நகர்ந்துவிட்டது.